துரை தின்ன சத்துமாவு

முத்துக்குமரன் என் கடைக்கு வந்தான்னா மொத வேலையா கத்தி ரெண்டையும் எடுத்துக் கல்லாப் பெட்டிக்கு அடியில தள்ளிருவேன். ஏழு வயசுப் பய. என் தங்கச்சி கனகலட்சுமி பெத்தது. யாரையும் குத்திருவான்னு இல்ல. கோவம் வந்துச்சுன்னா கையில கெடச்சதத் தூக்கி வீசுவான். அது கத்தியா இருந்துறக் கூடாது, அம்புட்டுத்தான்.

கடைன்னதும் பெருசா நெனச்சுராதீங்க. கோரிப்பாளையத்துல ரோட்டோரம் ஒரு கறிக்கட்டை, ஒரு தராசு, தலைக்கு மேல ஒரு தகரம். தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டின்னு சொல்ற மண்ணீரல் எல்லாம் விக்கிறேன். எம்புருசன் இருந்த வரைக்கும் அவரு ஆட்ட அறுப்பாரு, நான் குடல் கழுவுவேன். அவரு போனப்பெறகு ரெண்டையும் நானே பாக்குறேன். பொம்பள கழுத்தறுக்கலாமான்னு மொதல்ல பேசுனாய்ங்க. பேசுனவய்ங்கதான் இப்ப ஞாயித்துக்கெழமை தூக்குச்சட்டிய நீட்டிக்கிட்டு நிக்கிறாய்ங்க. என் பேரு சோலையம்மாள். வாய் நீளம்னு ஊருக்குள்ள பேரு. கையும் நீளந்தான், அத அனுபவிச்சவய்ங்க வெளிய சொல்றதில்ல.

அன்னைக்கு கனகம் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து மொத பஸ்ஸப் புடிச்சு இவனையும் இழுத்துக்கிட்டு வந்தா. பள்ளிக்கூடத்துல கூடப் படிக்கிற பயல மண்டையால முட்டி முன்பல்ல எறக்கிட்டானாம். "இனிமே கூட்டிட்டு வராதீங்க"ன்னு வாத்தியாரு சொல்லிட்டாராம். அவ அழுதுக்கிட்டே சொல்றா, நான் ஆட்டுத்தலைய நெருப்புல வாட்டிக்கிட்டே கேக்குறேன். இவன் கட்டைக்குப் பக்கத்துல நின்னு ஒத்தக் கால்ல ஆடிக்கிட்டு இருந்தான். ஒரு நிமிசம் நிக்க மாட்டான், ஒக்கார மாட்டான். தூக்கமும் கோழித் தூக்கந்தான்.

குடல் வாங்க வந்த ஒரு ஆளு சும்மா இருக்க மாட்டாம, "என்ன சோலை, ஒந் தங்கச்சி மகன் கழண்ட கேசா?"ன்னு சிரிச்சுக்கிட்டே இவன் மண்டையில லேசாத் தட்டுனான். ஆத்தி! பய தலையக் குனிஞ்சான் பாருங்க. ஒரே பாய்ச்சல். அந்தாளு வயித்துல போயி எறங்குனான். அவன் சாக்கடையோரம் மல்லாக்க விழ, இவன் மேல ஏறி முழங்கையக் கடிச்சுப் புடிச்சுக்கிட்டான். பிரிச்சு எடுக்குறதுக்குள்ள எனக்கும் கனகத்துக்கும் மூச்சு வாங்கிருச்சு. விட்டதும் சும்மா இருந்தானா? கறிக்கட்டை விளிம்புல மடேர் மடேர்னு தன் நெத்தியையே போட்டு முட்டுறான். ஆட்டு ரத்தம் எது, அவன் ரத்தம் எதுன்னு தெரியல.

கனகம் அவன இடுப்போட கட்டிக்கிட்டா. அவ ஒடம்பெல்லாம் அடி விழுது, ஒரு சத்தம் போடல. அப்பத்தான் அவள சரியாப் பாத்தேன். கழுத்தெலும்பு முட்டிக்கிட்டு நிக்குது, கண்ணு உள்ள போயிருக்கு, ஒதடு வெளுத்துக் கெடக்கு. சேல வெலகுன எடத்துல வயிறு மட்டும் லேசா மேடா இருக்கு.

"எத்தன மாசம்டி?"

"அஞ்சுக்கா."

"அடிப்பாவி, எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

அவ சேலைய இழுத்து வயித்த மூடுனா. எனக்குக் கோவம் வந்தா அழுகையும் சேந்து வரும், அது ஒரு சனியன். கடையப் பாதியில மூடிட்டு ரெண்டு பேரையும் ஆட்டோவுல ஏத்துனேன்.

தல்லாகுளத்துல புள்ளைகளுக்குன்னே வைத்தியம் பாக்குற ஆன்சி டாக்டர் இருக்காங்க. நம்ம கடையில ஆட்டுக்கால் வாங்குற அம்மா. மொதல்ல நெத்தியில தையல் போட்டாங்க. பெறகு அவன் கையில ஒரு ரப்பர் பந்தக் குடுத்து, அவன் அத நசுக்கிக்கிட்டே மேசைக்கடியில போயி ஒக்காந்ததையும் பாத்தாங்க. அதட்டல. பொறந்தப்ப எடை எம்புட்டு, எப்ப நடந்தான், எப்பப் பேசுனான்னு கேட்டுக்கிட்டே வந்தவங்க, கனகத்துப் பக்கம் திரும்பி, "இவன் வயித்துல இருந்தப்ப நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டாங்க.

இந்தக் கேள்விய ஏழு வருசத்துல ஒரு பய கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல. குறி சொல்ற கோடாங்கி கேட்டான், எந்தப் புளியமரத்தடியில போனன்னு. மாமியா வீட்டுச் சொந்தம் கேட்டுச்சு, கெரகணத்தன்னைக்கு என்ன நறுக்குனன்னு. தின்னியான்னு யாரும் கேக்கல.

கனகம் தரையப் பாத்துக்கிட்டுச் சொன்னா. "ஒரு நேரம் கஞ்சி. ராத்திரிக்கு வரக்காப்பி. வயித்துப் புள்ள பெருத்தா வெளிய வராது, தாயக் கொன்னுரும்னு வீட்டுல தர மாட்டாங்க. சத்து மாத்திரையும் வேணாம்னுட்டாங்க."

"இப்பவும் அப்படித்தானா?"

அவ தலைய ஆட்டுனா.

டாக்டர் நாற்காலிய எங்க பக்கம் இழுத்துப் போட்டாங்க. பெறகு எனக்குப் புரியுற மாதிரி சொன்னாங்க. மூளை கட்டுறது வயித்துக்குள்ளயே ஆரம்பிச்சுருதாம். அதுக்கு இரும்புச்சத்து வேணும், அயோடின் உப்பு வேணும், பருப்பு, முட்டை, கறி, கீரை வேணும். அது கெடைக்காத புள்ளைக்குக் கோவத்த அடக்குறது, ஒரு எடத்துல கவனமா இருக்குறது எல்லாம் பின்னாடி செரமமாகலாமாம். "இது ஒண்ணுதான் காரணம்னு நான் முத்திரை குத்த மாட்டேன். வேற காரணமும் இருக்கலாம். ஆனா இது ஒரு காரணம். அவனை அடிக்காதீங்க. பயிற்சி இருக்கு, கூட்டிட்டு வாங்க. மெதுவா மாறும்." பெறகு கனகத்தோட கீழ் இமைய இழுத்துப் பாத்தாங்க. "இந்த வயித்துப் புள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்னைக்கே சாப்பிட ஆரம்பிங்க. பட்டினி கிடந்தா பிரசவம் லேசாகும்னு எவன் சொன்னது? ரத்தமில்லாத பொம்பளைக்குத்தான் பிரசவத்துல உயிர் போகும்."

கனகம் அந்தம்மாவப் பாத்து, "அப்ப இவன் இப்படி இருக்கது என்னாலதானா?"ன்னு கேட்டா. "உங்களால இல்லம்மா. உங்களுக்குக் கிடைக்கலை"ன்னு டாக்டர் சொன்னாங்க. அவ அத நம்புன மாதிரி தெரியல.

அன்னைக்கு மத்தியானமே அவளோட பஸ் ஏறிட்டேன். கொட்டாம்பட்டியில எறங்கி உள்ள நடந்தா, கடலைக் காட்டுக்கு நடுவுல அவ வீடு. புருசன் அருள்பாண்டி ஆட்டுக் கொட்டத்துல ஒக்காந்து கிடாவுக்குத் தீனி உருட்டிக்கிட்டு இருந்தான். காடு கரை இருக்கு, வெள்ளாமையும் உண்டு. ஆனா அந்த ஏரியாவுல அவன் பேரு சொல்றது முட்டுக்கிடாவுக்குத்தான். தோப்புக்குள்ள அனுமதியில்லாமக் கூட்டம் போட்டு, ரெண்டு கிடாவ எதிரெதிரா விட்டு, மண்டையோட மண்டை மோத விடுவாய்ங்க. கொம்பு முறியும், மூக்குல ரத்தம் ஒழுகும், செலது அங்கனயே காலப் பரப்பிக்கிட்டு விழுந்துரும். இவன் கிடா பேரு துரை. துரை இடிச்சு எந்திரிக்காமப் போன கிடா ரெண்டு, மூணு இருக்கும். அத ஊரே சொல்லும்.

அந்தத் துரைக்கு முன்னால போயி நம்ம முத்துக்குமரன் நின்னான். தையல் போட்ட நெத்திய அதோட நெத்தியில வச்சு லேசாச் சாஞ்சான். அது ஆடல, அசையல. இவனும் ஆடல. ஒரு நிமிசம் நிக்காத பய, கண்ண மூடிக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தான். நான் அப்பத்தான் அவன் அமைதியா இருந்து பாக்குறேன்.

"வாங்க மதினி"ன்னான் அருள்பாண்டி. அவன் கையில இருந்தது அங்கன்வாடியில மாசமா இருக்க பொம்பளைகளுக்குக் குடுக்குற சத்துமாவு. பொட்டலத்தப் பிரிச்சுக் கொட்டி, ரெண்டு முட்டைய ஒடச்சு ஊத்தி, பேரீச்சம்பழத்தப் பிச்சுப் போட்டுப் பெசஞ்சான். பாதி துரைக்கு. பாதிய ஓரத்துல கட்டியிருந்த சினை ஆட்டுக்குக் கொண்டு போயி வாயில ஊட்டுறான்.

எனக்கு உள்ள கொதிக்குது, ஆனா அவன் வாயாலயே வரட்டும்னு, "சினை ஆட்டுக்கு எதுக்கு மாப்ள இம்புட்டு?"ன்னு கேட்டேன்.

"என்ன மதினி, ஆட்டுத் தொழில்ல இருந்துக்கிட்டு இப்பிடிக் கேக்குறீங்க? சினையில தீனி கொறஞ்சா குட்டி மண்டை நிக்காது. மோத விட்டா ரெண்டாவது இடியில திரும்பி ஓடும். இல்லாட்டி கிறுக்குப் புடிச்சு ஆளக் கண்டா முட்டும், ஒண்ணுத்துக்கும் அடங்காது. தாய் தின்னதுலதான் எல்லாம் இருக்கு."

"ஏன்டா நாசமாப் போறவனே!"ன்னு கத்திட்டேன். "இம்புட்டுத் தெரிஞ்சவன் ஒம் பொண்டாட்டிக்கு என்னடா போட்ட? ஆளக் கண்டா முட்டுதுன்னு சொல்றியே, ஒம்மகனப் பாருடா! ஆட்டுக்கு இருக்க அறிவு ஒம் பொண்டாட்டி விசயத்துல எங்கடா போச்சு?"

அவன் கோவிக்கல. கையில ஒட்டுன மாவத் தொடச்சான். "ஆட்டுக்கு எனக்குக் குட்டிதான் வேணும் மதினி. தாய் செத்தாலும் இன்னொரு ஆடு வாங்கிக்கிறலாம். இது அப்படியா? எனக்கு இவ வேணும்."

சொல்லிக்கிட்டே சினை ஆட்டு முதுகத் தடவுனான்.

"எங்கம்மா எப்படிச் செத்தான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டான். "எனக்குப் பெறகு ஒரு புள்ள. பெரிய புள்ள. நல்லாத் தின்னாளாம், எல்லாரும் சொன்னாய்ங்க. கதவுச் சந்துல நின்னு பாத்தேன். பாயெல்லாம் ரத்தம், வாசல் வரைக்கும் வந்துச்சு. புள்ளையும் போச்சு, அவளும் போனா. இவன் பொறந்தப்ப பூனைக்குட்டி கணக்கா சின்னதா வந்தான், கனகம் எந்திரிச்சு நடந்தா. அது போதும் எனக்கு."

டாக்டர் சொன்னத அப்படியே சொன்னேன். ரத்தமில்லாததாலதான் ஒங்கம்மா போயிருப்பான்னு சொன்னேன். "அந்த டாக்டரம்மா எங்கம்மாவப் பாத்துச்சா?"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அவன அடிக்கவும் கை வருது, பாவமாவும் இருக்கு. இவன வில்லன்னு சொல்லிட்டா என் வேல லேசாப் போயிருக்கும்.

கனகம்தான் என்னச் சமாதானம் பண்ணுனா. "நான் தின்னுக்கிறேன்க்கா. நீ கொண்டாந்து குடு, நான் தின்னுக்கிறேன்." சரின்னு நம்புனேன். அதுலருந்து ஒவ்வொரு திங்கக்கெழமையும் சுவரொட்டியும் கறியும் முட்டையும் கீரையும் கட்டிக்கிட்டுப் போவேன். முன்னாடி ஒக்கார வச்சு ஒரு நேரம் ஊட்டுவேன், மிச்சத்தக் குடுத்துட்டு பஸ் ஏறுவேன். மாத்திரையும் வாங்கிக் குடுத்தேன். அருள்பாண்டி என்னப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவான். வழிக்கு வந்துட்டான்னு நெனச்சேன். என் கூறு அம்புட்டுத்தான்.

ஒரு தடவ கடைக்கு ஆடு வரல. சும்மா ஒக்காந்து ஈ ஓட்டுறதுக்குப் பதிலா போயிட்டு வருவோமேன்னு சனிக்கெழமையே கெளம்பிட்டேன். அவளுக்கு அப்ப ஏழாம் மாசம். வீட்டுல ஆள் இல்ல. கனகம், கனகம்னு கூப்புட்டுக்கிட்டே கொட்டத்துப் பக்கம் போனேன்.

துரையோட தீனிச் சட்டிக்கு முன்னால என் தங்கச்சி குத்த வச்சு ஒக்காந்திருந்தா. பெருத்த வயித்த முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, ரெண்டு கையாலயும் அந்தச் சத்துமாவு உருண்டைய அள்ளி அள்ளி வாயில திணிக்கிறா. மெல்லக்கூட இல்ல. தாடையில மாவு, மூக்குல மாவு. கிடா ஒரு பக்கம் தலைய நீட்டுது, அதத் தோளால தள்ளிக்கிட்டே திங்கிறா.

என்னப் பாத்ததும் வெக்கப்பட்டாளா, அழுதாளா? இல்ல. வாய் நெறைய மாவோட, "பசிக்குதுக்கா"ன்னா.

"நான் கொண்டாந்ததெல்லாம் என்னடி ஆச்சு?"

"நீ பஸ் ஏறுனதும் கறிய எடுத்துப் பங்காளி வீட்டுக்குக் குடுத்துருவாரு. முட்டைய இந்தக் கிடாவுக்கு. மாத்திரையக் கெணத்துல போட்டுட்டாரு. திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமை நீ ஊட்டுறதுதான்க்கா எனக்குச் சோறு." முழுங்கிட்டுச் சொன்னா, "உள்ளுக்குள்ள இது ஒதைக்குது. பசியிலதான் ஒதைக்குதுன்னு எனக்குத் தெரியுதுக்கா. அவனும் இப்படித்தான் ஒதச்சான்."

நான் அவளத் தூக்குறதுக்குக் குனியயில அருள்பாண்டி வந்துட்டான். பின்னாலேயே முத்துக்குமரன். என்ன நடக்குதுன்னு அருள்பாண்டி ஒரு பார்வ பாத்தான். ஓடி வந்து அவ தாடைய ஒரு கையால புடிச்சு நெரிச்சான், மறு கையோட ரெண்டு வெரல அவ வாய்க்குள்ள விட்டான். "துப்புடி! துப்புடி கனகம்! புள்ள பெருத்துரும்டி!" வெரலால தோண்டித் தோண்டி அந்த மாவ வெளிய எடுக்குறான். அவ ஓங்கரிக்கிறா, பல்லு அவன் வெரல்ல பட்டு ரத்தமும் மாவுமா வழியுது. அவன் அழுதுக்கிட்டே செய்றான்யா! கண்ணுல தண்ணி ஊத்துது, "செத்துருவடி, என்ன விட்டுட்டுச் செத்துருவடி"ன்னு சொல்லிக்கிட்டே தோண்டுறான்.

நான் அவன் முடியப் புடிச்சு இழுத்தேன், வரல. அதுக்குள்ள முத்துக்குமரன் தலையக் குனிஞ்சு பாஞ்சான். அப்பன் இடுப்புல இடிச்சான். அருள்பாண்டி சட்டி மேல விழுந்தான், சட்டி ஒடஞ்சுச்சு. எந்திரிச்சவன் துரை கழுத்துக் கயித்த உருவிட்டான். நுனியில இரும்பு வளையம் மாட்டுன கயிறு. அத மடக்கிப் புடிச்சு மகன் முதுகுல எறக்குனான். பய விழுந்தான், எந்திரிச்சான், மறுபடி தலையக் குனிஞ்சு வந்தான். மறுபடி அடி. காது கிழிஞ்சு தொங்குது, மறுபடி வாறான். ஒரு அழுக இல்ல, ஒரு சத்தம் இல்ல. "பேய்ப் பயலே, அடங்குடா! அடங்குடா!"ன்னு கத்திக்கிட்டு அவன் அடிக்கிறான். பய அடங்கல. அவனுக்கு அடங்கத் தெரியாதுடா, அதத்தானடா டாக்டரம்மா சொன்னாங்க!

கிடா கட்டுற மொளக்குச்சி தரையில நட்டிருந்துச்சு. ஆட்டி உருவுனேன். ரெண்டு கையாலயும் புடிச்சு அருள்பாண்டி மண்டையில போட்டேன். ஒருவாட்டி போட்டதுல முட்டி போட்டான். இன்னொருவாட்டி தோள்ல போட்டேன். கனகம் என் காலக் கட்டிக்கிட்டு, "போதும்க்கா, விட்டுரு"ன்னு கத்துனா. அவ தடுக்கலைன்னா அன்னைக்கு அவன் கத முடிஞ்சுருக்கும். அதுக்காக நான் வருத்தப்படவும் போறதில்ல.

சத்தம் கேட்டுப் பங்காளி அழகுமலை ஓடியாந்தான். அருள்பாண்டி மூஞ்சியெல்லாம் ரத்தம். "என்னாத்தா இது, போலீசுக்குப் போனா நீ உள்ள போயிருவ"ன்னு என்னப் பாத்துச் சொன்னான்.

"போடா, போயிச் சொல்லு. வயித்துப் புள்ளக்காரி வாயில கைய விட்டு சோத்தத் தோண்டுனான்னும் சேத்துச் சொல்லு. அவ கறியத் தின்ன வாய்தான ஒன் வாய்?"

அவன் அருள்பாண்டிய வண்டியில ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான். கனகம் மகன உள்ள கூட்டிட்டுப் போயி ரத்தத்தக் கழுவிக்கிட்டு இருந்தா. உள்ள மஞ்சத்தண்ணி கலக்குற சத்தம் கேட்டுச்சு.

கொட்டத்துல நானும் துரையும்தான். கயிறு இல்லாம நின்னுக்கிட்டு, ஒடஞ்ச சட்டியிலருந்து செதறுன மாவ நிதானமா நக்கிக்கிட்டு இருந்துச்சு. மினுமினுன்னு ஒடம்பு, தொடை ரெண்டும் கல்லு மாதிரி. ஏழு மாசமா என் தங்கச்சி வயித்துக்குப் போக வேண்டியது அம்புட்டும் இதோட ஒடம்புல இருக்கு. அத எடுக்கணும். வேற எதையும் நான் யோசிக்கல. கத்தி எந்நேரமும் என் பையில கெடக்கும்.

துரை லேசுல விடல. கொம்பப் புடிச்சதுக்கு ஒரு ஒதறு ஒதறுச்சு, நான் போயிச் செவுத்துல விழுந்தேன். ஒருவாட்டி தொடையில முட்டுச்சு, எலும்பு போச்சுன்னுதான் நெனச்சேன். கயித்த எடுத்துச் சுருக்குப் போட்டு முன்னங்காலக் கட்டிச் சாச்சேன். முழங்கால அது கழுத்துல ஊனி, சாமியக் கும்புட்டு, ஒரே இழுப்பு. ரத்தம் என் மாருல அடிச்சுச்சு. அது அடங்குற வரைக்கும் மேலயே படுத்துக் கெடந்தேன். பெறகு வேப்பமரத்துல தொங்க விட்டு உரிச்சேன். தலைய எடுத்து ஓரமாக் கல்லுல வச்சேன். எந்த ஆட்டுக்கும் செய்ற மாதிரிதான் செஞ்சேன்.

சுவரொட்டிய எடுத்து மொளகும் உப்பும் தடவி அடுப்புல சுட்டேன். கறிய நல்லெண்ணெயில வதக்கினேன். மகன உள்ள படுக்க வச்சுட்டு கனகம் வெளிய வந்து மரத்தப் பாத்தா, என்னப் பாத்தா. வாசப்படிக்குப் பக்கத்துல செவுத்தோரம் ஒக்காந்தா. தட்ட அவ மடியில வச்சேன்.

மொத வாய் வைக்கயில அருள்பாண்டி வண்டியிலருந்து எறங்குனான். தலையில கட்டு. துரை தொங்குறதப் பாத்தான். கத்துவான், என் மேல பாய்வான்னு கத்தியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் துரைய ரெண்டாந்தடவ திரும்பிக்கூடப் பாக்கல. என் தங்கச்சி மடியில இருந்த தட்டத்தான் பாத்தான். தட்டுத் தடுமாறி வந்து அவ காலடியில ஒக்காந்து பாதத்தப் புடிச்சுக்கிட்டான்.

"வேணாம்டி கனகம். துரை போனாப் போகுது. நீ திங்காதடி. எங்கம்மா மாதிரி போயிராதடி."

கனகம் கறிய மென்னு முழுங்கினா. அப்புறம் பேசுனா. கலியாணம் ஆன நாள்லருந்து அவ அவன்ட்ட அம்புட்டுப் பேசி நான் கேட்டதில்ல.

"ஒங்களுக்கு நான் சாகக் கூடாது. அதுக்கு எம்புள்ளையப் பட்டினி போட்டீங்க. நான் உசுரோட எந்திரிச்சு நடந்தேன், சரி. அவன் பாதியாப் பொறந்தான். பாதியாப் பொறந்தவன அடங்கலைன்னு அடிக்கிறீங்க. செத்தா நான் சாகுறேன். இந்தப் புள்ள பசியோட பொறக்கக் கூடாது. கைய எடுங்க."

அவன் கைய எடுத்தான். அப்படியே தரையில முகத்த வச்சு அழுதான். எனக்கும் அழுக வந்துச்சு, மறச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் முத்துக்குமரன் வெளிய வந்தான். காதுல மஞ்சளும் துணியும் கட்டியிருந்துச்சு. நேரா கொட்டத்துக்குப் போனான். துரை இருக்க எடத்துல இல்ல. திரும்புனான். கல்லு மேல இருந்த தலையப் பாத்தான். மெதுவா அது பக்கத்துல போயி, குனிஞ்சு, தையல் தழும்பு இருக்க நெத்திய அந்த நெத்தியில வச்சான். கண்ண மூடிக்கிட்டான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். ஏன் அசையலன்னு பாக்குற மாதிரி லேசாத் தள்ளுனான். தலை உருண்டு மண்ணுல விழுந்துச்சு.

அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. ஐயோ, இந்தப் பயலுக்குன்னு ஒலகத்துல இருந்தது அது ஒண்ணுதானே! அவன் அப்பன் இடிச்சுப் பாக்க வளத்தான், நான் அறுத்துத் திங்க வச்சேன். அதுக்கிட்ட சும்மா நிக்கத் தெரிஞ்சது இவன் ஒருத்தனுக்குத்தான். நான் அதப் பாத்திருந்தேன். பாத்தும் என் கோவத்துல ஒண்ணும் ஞாபகம் வரல.

அவன் என்னத் தேடி வரல. அப்பன் மேலயும் பாயல. வாயத் தொறந்து ஒரு சத்தம் போட்டான். அப்படி ஒரு சத்தத்த நான் அறுத்த எந்த ஆடும் போட்டதில்ல. போட்டுட்டு ஓடி வந்து, அம்மாவுக்குப் பக்கத்துல இருந்த செவுத்துல மண்டைய மோதுனான். செங்கல்லு தெரியுற செவுரு. பழைய தழும்பு கிழிஞ்சுருச்சு. நான் ஓடிப் புடிச்சேன், என்னக் கடிச்சுத் தள்ளிட்டான். அருள்பாண்டி எந்திரிக்கப் பாத்து மயங்கி ஒக்காந்தான்.

கனகம் எந்திரிக்கல. ஒக்காந்த வாக்குலயே நகந்து, இடது கைய விரிச்சு அவன் நெத்திக்கும் செவுத்துக்கும் நடுவுல வச்சா. அவன் மோதுனான். அவ கை செங்கல்லுல நசுங்குச்சு. கைய எடுக்கல. மறுபடி மோதுனான். வளையல் ஒடஞ்சு மணிக்கட்டுல ஏறுச்சு, பொறங்கை தோலு உரிஞ்சு ரத்தம் செவுத்துல எறங்குச்சு. "மோதிக்கப்பா, அம்மா கையில மோதிக்க"ன்னா.

"தட்ட வைடி, நான் புடிக்கிறேன்"னு கத்துனேன். அவ தட்ட வைக்கல. கண்ணுல தண்ணி வழிய வழிய, இடது கையில மூத்தவன் மண்டைய வாங்கிக்கிட்டு, வலது கையால கறிய எடுத்து வாயில வச்சு மென்னுக்கிட்டே இருந்தா.